பாராசிட்டமால்: பிரித்துப் படித்தால் பொருள் தெரியும்

மாணவர்களே! காய்ச்சலும் தலைவலியும் எட்டிப் பாராத வீடு இல்லை. ஆகவே பாராசிட்டமால் மாத்திரையைக் கண்டிராதவர் உங்களில் எவரும் இருக்க முடியாது. அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வணிகப் பெயருடன் 'பாராசிட்டமால் மாத்திரைகள் ஐ.பி.' என்பதும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஐ.பி. என்பது மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் இந்திய நூலைக் குறிக்கும் சுருக்கம். அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அதே காய்ச்சலுக்கு ஒரு மாத்திரைப் புட்டியைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாராசிட்டமால் என்னும் சொல்லே இராது. 'அசிட்டமினோபென்' என்று எழுதியிருக்கும்.

இவை இரண்டும் வெவ்வேறு மருந்துகளா, அல்லது ஒன்றேதானா? இரண்டையும் அடுத்தடுத்து விழுங்கலாமா? இக்கேள்விக்கு விடை அந்தப் பெயர்களுக்குள்ளேயே இருக்கிறது. வேதியியலில் வரும் நீண்ட பெயர்களைக் கண்டு மாணவர் பலர் மலைக்கின்றனர். பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்கின்றனர். அவற்றைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொண்டால் மனப்பாடத்துக்குத் தேவையே இராது. அப்படிப் பிரிப்பதற்கு வேண்டிய கருவிகளும் உங்களிடம் முன்பே உள்ளன. நீங்கள் தமிழ் இலக்கண வகுப்பில் கற்ற அசையும் பகுபத உறுப்புமே அக்கருவிகள். பாராசிட்டமால் என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு இதனைச் செய்து பார்ப்போம்.

சொல்வதற்கு அசை

நீண்ட சொல் ஒன்றை முதலில் தடுமாறாமல் சொல்லப் பழக வேண்டும். அதற்கு அதனை அசை அசையாகப் பிரிக்க வேண்டும். ஆங்கிலத்தில் உயிரொலி எத்தனையோ, அசையும் அத்தனை. பாராசிட்டமால் என்பதை ஆங்கிலேயர் 'பா-ர-சீ-ட-மால்' என ஐந்து அசைகளாகச் சொல்கின்றனர்.

தமிழ் யாப்பில் அசை பிரிக்கும் முறை சற்று வேறானது. குறளை அலகிடுவதுபோல் இச்சொல்லையும் அலகிட்டுப் பாருங்கள். பா, ரா, சிட், டமால் என வரும். நேர், நேர், நேர், நிரை. ஆக நான்கு அசைகள். ஆங்கிலத்தில் ஐந்து, தமிழில் நான்கு. ஏன் இந்த வேறுபாடு? நேரசையில் உயிரொலி ஒன்றே உண்டு. நிரையசையில் இரண்டு உண்டு. 'டமால்' என்னும் நிரையில் 'ட', 'மா' என இரண்டு உயிரொலிகள் அடங்கியுள்ளன. ஆகவே நேரசைக்கு 1, நிரையசைக்கு 2 என்று போட்டுக் கூட்டினால் ஆங்கில அசைகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். 1, 1, 1, 2, கூட்டுத்தொகை 5.

அசிட்டமினோபென் என்பதற்கும் இதே கணக்கைப் போடுங்கள். அசிட், டமி, னோ, பென். அதாவது நிரை, நிரை, நேர், நேர். 2, 2, 1, 1, கூட்டுத்தொகை 6. ஆங்கிலத்திலும் அது 'அ-சீ-ட-மி-ன-பென்' என்று ஆறு அசைகளாகவே ஒலிக்கிறது. ஈற்றிலுள்ள 'பெ' மேற்பல் கீழுதட்டைத் தொட எழும் 'ஃபெ' என்னும் ஒலி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நாம் ஒரு சொல்லின் அசைகளை ஏறக்குறைய ஒரே அழுத்தத்துடன் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஏதேனும் ஓர் அசை ஓங்கி ஒலிக்கும். மற்றவை தாழ்ந்து மங்கும். பாராசிட்டமாலில் ஓங்குவது மூன்றாம் அசையாகிய 'சீ'. அசிட்டமினோபென்னில் ஓங்குவது நான்காம் அசையாகிய 'மி'. அழுத்தம் விழும் இடத்தை அறிய ஓர் எளிய விதியும் உண்டு. 'இக்' என்று முடியும் வேதியியற் சொற்களில் அதற்கு முந்திய அசையே ஓங்கும். பாஸ்பரஸ் என்பதில் முதல் அசை ஓங்குகிறது. பாஸ்பாரிக் என்று மாறியவுடன் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடுகிறது. சல்பர், சல்பியூரிக் என்னும் சொற்களையும் இவ்வாறே உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

அறிவதற்கு உறுப்பு

அசை பிரித்தால் சொல்லைச் சரியாகச் சொல்லலாம். ஆனால் பொருளை அறிய முடியாது. 'சீ' என்பதற்கோ 'ட' என்பதற்கோ தனிப் பொருள் ஏதும் இல்லை. பொருளை அறிய வேண்டுமானால் வேறு விதமாக வெட்ட வேண்டும். 'வந்தனன்' என்னும் சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பிரிக்க நன்னூல் நமக்குக் கற்றுத் தருகிறது. வேதியியற் பெயர்களும் அவ்வாறு பிரிக்கத்தக்க பகுபதங்களே.

பாராசிட்டமால் என்பது சுருக்கிய பெயர். அதன் விரிந்த வடிவம் பாரா-அசிட்டைல்-அமினோ-பீனால் என்பது. பகுபதத்தில் விகுதி கடைசியில் நிற்பதுபோல் இங்கும் கடைசி உறுப்பே பொருளின் இனத்தைக் காட்டும். எனவே கடைசியிலிருந்து தொடங்குவோம்.

ஆல்: இது ஆல்கஹால் என்னும் சொல்லின் வால். அந்தச் சொல்லோ அரபு மொழியிலிருந்து வந்தது. அரபியில் 'அல்-குஹ்ல்' என்றால் கண்ணுக்குத் தீட்டும் மை. அஞ்சனக் கல்லை நுண்ணிதாக அரைத்த பொடி. நுண்பொடியைக் குறித்த சொல், பின்னர் எப்பொருளிலிருந்தும் பிரித்தெடுத்த சாரத்தைக் குறித்தது. அதன்பின் திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்த சாராயத்துக்குப் பெயராயிற்று. கார்பனுடன் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதி உண்டு என்பதை 'ஆல்' என்னும் விகுதி அறிவிக்கிறது. ஹைட்ராக்சில் என்பது ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்தது. 1892-இல் ஜெனீவா நகரில் கூடிய வேதியியலறிஞர்கள் ஆல்கஹால்களின் பெயர்கள் இவ்வாறு முடிய வேண்டும் என்று வகுத்தனர்.

பீன்: கிரேக்க மொழியில் ஒளிர்தலைக் குறிக்கும் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. பென்சீனுக்கும் ஒளிக்கும் என்ன உறவு? அக்காலத்தில் தெருவிளக்குகளை எரிவாயுவால் ஏற்றினர். அவ்விளக்கு வாயுவைச் சேமித்த கலங்களின் அடியில் தங்கிய எண்ணெயிலிருந்துதான் 1825-இல் மைக்கேல் பாரடே பென்சீனைப் பிரித்தெடுத்தார். அதனை நினைந்து பிரெஞ்சு அறிஞர் லொரான் 1836-இல் அதற்குப் 'பீன்' என்று பெயரிட்டார். பென்சீன் என்னும் பெயரே நிலைத்தது. எனினும் பீனால், பினைல் ஆகியவற்றில் லொரானின் பெயர் இன்றும் வாழ்கிறது. ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் வளையத்தை இது குறிக்கும்.

அமினோ: இது அம்மோனியாவின் மகவு. எகிப்தில் அம்மோன் என்னும் தெய்வத்தின் கோயிலை அடுத்த பகுதியிலிருந்து வந்த உப்பு 'அம்மோனின் உப்பு' எனப் பெயர் பெற்றது. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர் கையாளும் நவச்சாரம்தான் அது. அதிலிருந்து எழும் காரநெடி உடைய வாயு அம்மோனியா ஆயிற்று. அம்மோனியாவில் ஒரு நைட்ரஜனும் மூன்று ஹைட்ரஜனும் உண்டு. அவற்றுள் ஒரு ஹைட்ரஜனை நீக்கினால் எஞ்சுவது அமினோ தொகுதி.

அசிட்டைல்: இதில் இரு உறுப்புகள் உள்ளன. 'அசிட்டம்' என்பது லத்தீனில் காடி, அதாவது வினிகர். 'ஐல்' என்பது கிரேக்கத்தில் மரம், மூலப்பொருள் என்னும் இருபொருள் தரும் 'ஹைலே' என்ற சொல்லின் சுருக்கம். 1832-இல் ஜெர்மானிய அறிஞர்களாகிய வோலரும் லீபிக்கும் கசப்பு வாதுமை எண்ணெயை ஆராய்ந்தபோது இவ்விகுதியை முதலில் ஆண்டனர். ஆகவே அசிட்டைல் என்றால் காடியின் மூலப்பொருள். இரண்டு கார்பன், மூன்று ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் கொண்ட தொகுதி இது.

பாரா: கிரேக்கத்தில் 'பக்கத்தில்', 'அப்பால்' என்று பொருள்படும். வேதியியலில் இது இடத்தைச் சுட்டுகிறது. பென்சீன் வளையத்தைக் கடிகார முகமாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் ஆறு மூலைகளும் 12, 2, 4, 6, 8, 10 ஆகிய மணிகளில் அமைந்துள்ளன. ஒரு தொகுதி 12-இல் இருக்க, மற்றது 2-இலோ 10-இலோ இருந்தால் ஆர்த்தோ. 4-இலோ 8-இலோ இருந்தால் மெட்டா. நேர் எதிரே 6-இல் இருந்தால் பாரா. அதே உறுப்புகளை வேறு மூலையில் பொருத்தினால் வேறொரு பொருள் ஆகிவிடும்.

பெயரிலிருந்தே வாய்பாடு

இப்போது இந்த உறுப்புகளைக் கொண்டு மூலக்கூற்று வாய்பாட்டையே எழுதிவிடலாம். புத்தகத்தைப் பாராமல் எண்ணிப் பாருங்கள்.

கார்பன்: பீனால் வளையத்தில் 6, அசிட்டைலில் 2, ஆக 8. ஹைட்ரஜன்: வளையத்தின் ஆறு மூலைகளில் இரண்டைத் தொகுதிகள் பிடித்துக்கொண்டன, எஞ்சிய மூலைகளில் 4. அமினோவின் இரு ஹைட்ரஜன்களில் ஒன்றின் இடத்தை அசிட்டைல் எடுத்துக்கொண்டது, எஞ்சியது 1. அசிட்டைலில் 3. ஹைட்ராக்சிலில் 1. ஆக 9. நைட்ரஜன்: அமினோவில் 1. ஆக்சிஜன்: ஹைட்ராக்சிலில் 1, அசிட்டைலில் 1; ஆக 2.

8 கார்பன், 9 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். பாராசிட்டமாலின் மூலக்கூற்று வாய்பாடு இதுவே. அணு நிறைகளைக் கூட்டினால் 96, 9, 14, 32, மொத்தம் 151. அதன் மூலக்கூறு நிறையும் அதுதான். இதனைச் செய்யும் முறையைக்கூடப் பெயர் சொல்லிவிடுகிறது. பாரா-அமினோபீனாலுடன் அசிட்டிக் அன்ஹைட்ரைடைச் சேர்த்து, அசிட்டைல் தொகுதியை ஏற்றித்தான் தொழிற்சாலைகளில் இதனைத் தயாரிக்கின்றனர்.

ஒரு பெயர், இரண்டு கத்தரி

பாரா-அசிட்டைல்-அமினோ-பீனால் என்பதை ஒவ்வொரு முறையும் மருத்துவர் எழுதுவதும் நோயாளி சொல்வதும் எளிதன்று. எனவே பெயரைக் கத்தரிக்க வேண்டியதாயிற்று. பாரா, அசிட், அம், ஆல் என்று நான்கு துண்டுகளை எடுத்து ஒட்டியது பாராசிட்டமால். பாராவின் ஈற்று அகரமும் அசிட்டின் முதல் அகரமும் சந்தித்ததில் ஒன்று மறைந்தது. நாம் கெடுதல் விகாரம் என்று சொல்வதைப் போன்றதே இது. தமிழில் எழுதும்போது டகர ஒற்றை இரட்டிக்கிறோம். இல்லையேல் அது மென்மையாக ஒலித்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த பொதுப்பெயர் பாராசிட்டமால்தான். இந்தியாவிலும் பிரிட்டனிலும் வழங்குவது இதுவே.

அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா, ஜப்பான் முதலிய நாடுகளில் அதே நீண்ட பெயரை வேறு விதமாகக் கத்தரித்தனர். தலையிலுள்ள பாராவையும் வாலிலுள்ள ஆலையும் விட்டுவிட்டு, அசிட், அமினோ, பென் ஆகியவற்றை எடுத்தனர். அதுவே அசிட்டமினோபென். அங்கே புகழ்பெற்ற 'டைலனால்' என்னும் வணிகப் பெயரும் இதே துணியில் வெட்டியதுதான். அசிட்டைலின் வாலாகிய 'டைல்', பீனாலின் வாலாகிய 'எனால்' ஆகியவற்றின் இணைப்பு அது. ஆக மூன்று பெயர்களும் ஒரே மூலக்கூறு.

இப்பொருளை 1878-இலேயே அமெரிக்க வேதியியலறிஞர் ஹார்மன் மோர்ஸ் தயாரித்துவிட்டார். ஆயினும் அது மருந்தாகப் பரவ நீண்டகாலம் பிடித்தது. அதற்கு முன் புகழ்பெற்றது அதன் உறவுப் பொருளாகிய அசிட்டனிலைடு. அது மருந்தானதே ஒரு மாறாட்டத்தால்தான் என்று வரலாறு கூறுகிறது. கான், ஹெப் என்னும் இரு மருத்துவர்கள் குடற்புழு உள்ள நோயாளிக்காக நாப்தலீனைக் கேட்டனர். நம் வீட்டு அலமாரியில் போடும் அந்துருண்டையின் பொருள் அது. மருந்துக்கடையிலிருந்து வந்ததோ அசிட்டனிலைடு. புழு போகவில்லை, காய்ச்சல் தணிந்தது. 1886-இல் அவர்கள் இதனை வெளியிட்டனர்.

அசிட்டனிலைடு என்னும் பெயரில் நமக்கு அறிமுகமான சொல் ஒன்று ஒளிந்திருக்கிறது. அனிலின் என்பது முதலில் அவுரிச் சாயத்தைக் காய்ச்சி வடித்துப் பெறப்பட்டது. போர்த்துக்கீசிய மொழியில் அவுரிச் சாயத்துக்கு 'அனில்' என்று பெயர். அச்சொல் அரபு வழியாக வடமொழியின் 'நீல' என்னும் சொல்லிலிருந்து சென்றது. நாம் நீலம் என்று சொல்வதே உலகைச் சுற்றி வேதியியல் நூலில் அனிலினாக உட்கார்ந்திருக்கிறது! அசிட்டனிலைடை உட்கொண்ட சிலருக்கு இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து உடல் நீலம் பாரித்தது. 1948-இல் பிராடி, ஆக்சல்ராடு என்னும் அறிஞர்கள், உடலுக்குள் சென்ற அசிட்டனிலைடு பாராசிட்டமாலாக மாறியே நோவைத் தணிக்கிறது என்று காட்டினர். அதன்பின் பாராசிட்டமாலையே நேரடியாகக் கொடுக்கலாயினர். அமெரிக்காவில் 1955-இலும் பிரிட்டனில் 1956-இலும் அது விற்பனைக்கு வந்தது.

இரட்டைப் பெயரின் ஆபத்து

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இரண்டு புட்டிகளிலும் இருப்பது ஒன்றே. ஆகவே ஒரு பெயரில் ஒரு மாத்திரையும், மறு பெயரில் இன்னொரு மாத்திரையும் சேர்த்து விழுங்கினால் ஒரே மருந்து இருமடங்கு உடலில் சேரும். சளிக்கும் இருமலுக்கும் விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்துள்ளது. காய்ச்சல் மாத்திரையும் சளி மாத்திரையும் உட்கொள்பவர், தாம் ஒரே பொருளை இருமுறை உட்கொள்வதை அறியாமலே போகலாம்.

அதனால் என்ன தீங்கு? வயது வந்தோர்க்கும் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டலாகாது என்பது பொதுவான வரம்பு. 500 மில்லிகிராம் மாத்திரையானால் 8 தான். ஈரல் நோய் உள்ளவர்க்கும் மது அருந்துவோர்க்கும் வரம்பு இன்னும் குறைவு. சிறுவர்க்கு எடையை ஒட்டி மருத்துவரே அளவு சொல்ல வேண்டும். உட்கொண்ட பாராசிட்டமாலில் சிறு பகுதி ஈரலில் ஒரு நச்சுப் பொருளாக மாறுகிறது. ஈரலில் உள்ள குளூட்டத்தியோன் என்னும் பொருள் அந்நச்சை உடனுக்குடன் முறித்துவிடுகிறது. அளவு மிஞ்சினால் குளூட்டத்தியோன் தீர்ந்துபோகும். ஈரலின் செல்கள் மடியத் தொடங்கும். முதல் நாளில் வெளியே பெரிய அறிகுறி ஒன்றும் தெரியாமலிருக்கக்கூடும் என்பதே இதன் கொடுமை. மாற்று மருந்து உண்டு. அசிட்டைல்சிஸ்டீன் என்று அதற்குப் பெயர். மிகை அளவு உட்கொண்ட சுமார் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிகச் சிறந்த பயன் தரும். எனவே ஐயம் தோன்றினால் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ஓர் ஒற்றின் விலை

பெயரின் ஒரு சிறு உறுப்பு மாறினால் பொருள் எவ்வளவு மாறும் என்பதற்கு மெத்தனால், எத்தனால் ஆகிய இரண்டும் சான்று. அலகிட்டுப் பாருங்கள்: மெத், தனால், எத், தனால். இரண்டும் நேர், நிரை, இரண்டும் கூவிளமே. ஒலியில் வேறுபாடு முதலில் நிற்கும் மகர ஒற்று ஒன்றுதான்.

'மெத்' என்பது ஒரு கார்பனைக் குறிக்கும். 'எத்' இரண்டைக் குறிக்கும். மெத்தனாலை முற்காலத்தில் மரத்தைக் காற்றின்றிச் சூடாக்கி வடித்தனர். எனவேதான் 1834-இல் பிரெஞ்சு அறிஞர்கள் டூமாவும் பெலிகோவும் மது, மரம் என்னும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 'மெத்திலீன்' என்னும் பெயரை ஆக்கினர். தமிழில் மெத்தனாலை மரச்சாராயம் என்கிறோம். மணத்திலும் தோற்றத்திலும் எத்தனாலைப் போலவே இருக்கும். ஆனால் உடலுக்குள் சென்றால் பார்மிக் அமிலமாக மாறும். 'பார்மிகா' என்றால் லத்தீனில் எறும்பு. எறும்பிலிருந்து முதலில் பிரித்தெடுத்த அமிலம் அது. அவ்வமிலம் பார்வை நரம்பைத் தாக்கிக் கண்ணைக் குருடாக்கும், உயிரையும் குடிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எத்தனாலும் உடலுக்குக் கேடு விளைப்பதே. மெத்தனாலோ சிறிதளவிலேயே கொல்லும் நஞ்சு.

டு, ட்டு: ஓர் எளிய விதி

ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதும்போது கருத்தாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'சல்பைட்' என்று புள்ளி வைத்து எழுதிவிட்டால், அது கந்தகமும் உலோகமும் மட்டும் சேர்ந்த உப்பா, ஆக்சிஜனும் உள்ள உப்பா என்று தெரியாது. மெல்லிய ஒலிக்கும் வல்லொலிக்கும் தமிழில் 'ட்' ஒன்றே எழுத்தாதலால் இக்குழப்பம் நேர்கிறது. சல்பைடு, சல்பைட்டு, சல்பேட்டு என்று உகரம் சேர்த்து எழுதினால் குழப்பம் தீரும்.

குற்றியலுகரத்தை நினைவுகூருங்கள். சல்பைடு என்பது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். சல்பைட்டும் சல்பேட்டும் வன்தொடர்க் குற்றியலுகரங்கள். உயிர்த்தொடராய் 'டு' வந்தால் அவ்வுப்பில் ஆக்சிஜன் இல்லை. வன்தொடராய் 'ட்டு' வந்தால் ஆக்சிஜன் உண்டு. 'ஐட்டு' எனில் ஆக்சிஜன் குறைவு. 'ஏட்டு' எனில் மிகுதி. ஆக்சைடு, ஹைட்ராக்சைடு போன்றவை விலக்கு. அவை தம்மிடம் ஆக்சிஜன் இருப்பதைத் தம் பெயரிலேயே சொல்லிவிடுகின்றன. 1787-இல் லவாய்சியர் உள்ளிட்ட நான்கு பிரெஞ்சு அறிஞர்கள் வெளியிட்ட பெயரிடும் முறையில்தான் இந்த ஒழுங்கு பிறந்தது.

இதன் பயனையும் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு வயலுக்கு இடும் பொட்டாஷ் உரம். பொட்டாசியம் குளோரேட்டு தீக்குச்சியின் தலையில் இருப்பது. அதிலுள்ள ஆக்சிஜனே குச்சி பற்றிக்கொள்ள உதவுகிறது. சோடியம் சல்பைடு தோல் பதனிடுவோர் மயிர் நீக்கப் பயன்படுத்துவது; அமிலம் பட்டால் கொடிய நச்சு வாயுவை வெளிவிடும். மக்னீசியம் சல்பேட்டு நாமறிந்த பேதி உப்பு. ஆய்வுக்கூடத்தில் புட்டியை எடுக்கும்போது இந்த ஈற்றெழுத்தைப் படித்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

ஒலியைக் கண்டு ஏமாறாதீர்

ஒரே ஒலி எங்கும் ஒரே உறுப்பாக இராது. பெட்ரோல் என்பதிலுள்ள 'ஓல்' ஆல்கஹாலின் வால் அன்று. 'ஓலியம்' என்னும் எண்ணெய். பாறை எண்ணெய் என்பதே அச்சொல்லின் பொருள். பாரபின் மெழுகின் தலையிலுள்ளது கிரேக்கப் 'பாரா' அன்று. 'சிறிதே' என்னும் பொருளுடைய லத்தீன் 'பாரும்'. மற்றப் பொருள்களுடன் சிறிதே வினைபுரிவதால் அப்பெயர். சில பெயர்களில் பழைய தவறும் தங்கியிருக்கும். உயிருக்கு வேண்டிய அமீன் என்று எண்ணி 1912-இல் பங்க் என்பவர் வைட்டமின் என்று பெயரிட்டார். அவற்றுட் பல அமீன்களே அல்ல என்று பின்னர் தெரிந்தது, பெயர் நின்றுவிட்டது.

மேலும், உறுப்பு கட்டமைப்பைக் காட்டுமே தவிர, குணத்தைக் காட்டாது. பீனால் தோலைப் பொசுக்கும் நஞ்சு. அது பெயரில் இருப்பதனால் பாராசிட்டமாலும் அவ்வாறே என்று கொள்ளலாகாது. சோடியமும் குளோரினும் சேர்ந்தது நாம் உண்ணும் உப்பு அல்லவா?

நீங்களே செய்து பாருங்கள்

1. அசிட்டோன் என்பதை அலகிட்டு, ஆங்கில அசைகளின் எண்ணிக்கையைக் கூறுக. அதன் உறுப்புகள் யாவை?

2. மெட்டா-அமினோபீனாலில் ஹைட்ராக்சில் 12 மணியில் இருந்தால், அமினோ எந்த மணியில் இருக்கும்?

3. ஆஸ்பிரின் என்னும் பெயரின் முதல் எழுத்து, இப்பாடத்தில் கண்ட எந்தத் தொகுதியின் சுருக்கம்?

4. சோடியம் நைட்ரைடு, சோடியம் நைட்ரைட்டு, சோடியம் நைட்ரேட்டு: இவற்றை ஆக்சிஜன் ஏறும் வரிசையில் விளக்குக.

5. ஐபுப்ரோபென் என்பதும் கத்தரித்து ஒட்டிய பெயரே. அதில் எத்தனை துண்டுகள் உள்ளன?

விடைகள்

1. அசிட், டோன், நிரை, நேர், ஆகவே மூன்று அசைகள். காடியைக் குறிக்கும் 'அசிட்'டும், கீட்டோன் இனத்தைக் காட்டும் 'ஓன்' என்னும் விகுதியும் அதன் உறுப்புகள்.

2. 4 மணியில் அல்லது 8 மணியில். இரண்டும் ஒன்றே, வளையத்தைப் புரட்டினால் ஒன்று மற்றதாகிவிடும்.

3. அசிட்டைல். நடுவிலுள்ள 'ஸ்பிர்', சாலிசிலிக் அமிலம் கிடைத்த ஸ்பைரியா என்னும் செடியின் பெயர். 'இன்' மருந்துப் பெயர்களுக்கு அக்காலத்தில் வழக்கமாகச் சேர்த்த ஈறு. 1899-இல் வந்த பெயர் இது.

4. முதலாவதில் ஆக்சிஜன் இல்லை. இரண்டாவதில் 2 ஆக்சிஜன் அணுக்கள். மூன்றாவதில் 3.

5. மூன்று. ஐசோபியூட்டைல் என்பதிலிருந்து 'ஐபு'; புரோப்பியானிக் என்பதிலிருந்து 'ப்ரோ'; பினைல் என்பதிலிருந்து 'பென்'. பியூட்டைல் என்பது வெண்ணெயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதுவும் காய்ச்சலுக்கும் வலிக்கும் உரிய மருந்தே. ஆனால் இதன் பெயரில் அசிட்டைலும் இல்லை, அமினோவும் இல்லை. ஆகவே இது பாராசிட்டமாலின் மறுபெயர் அன்று, வேறு மருந்து.